வயிற்றைக் காயப்போடலாமா?



வீட்டில் பிள்ளைக்குப் பேதி கண்டுவிட்டால் முதலில் எழுவது மூத்தவர்களின் குரல்தான். "ஒன்றும் கொடுக்காதே, வயிறு காயட்டும்" என்பார்கள். காய்ச்சிய பால் இறக்கி வைக்கப்படும். தண்ணீர்க் குவளையும் எட்டப் போய்விடும். உள்ளே போவதுதானே வெளியே வருகிறது என்பது அவர்களுடைய கணக்கு. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் இந்தக் கணக்கு எத்தனையோ பிஞ்சு உயிர்களைப் பறித்திருக்கின்றது. பேதியால் மாளும் பிள்ளைகளிற் பலர், உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதாலேயே மாளுகின்றனர். வடிவதை ஈடுசெய்யாமல் வாயையும் அடைத்துவிட்டால் அப்பிள்ளை என்னதான் செய்யும்?

நமது சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்களைப் போன்ற உறிஞ்சிகள் ஏராளமாக உள்ளன. பேதியின்போது அவை நலிவடைகின்றன. ஆயினும் ஒரு வழி மட்டும் அடைபடுவதில்லை. சர்க்கரை குடற்சுவருக்குள் நுழையும்போது உப்பையும் கையோடு அழைத்துச் செல்கின்றது. உப்பின் பின்னே நீர் செல்கின்றது. கொடிய காலராவிலுங்கூட இறைவன் இந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றான்.

இதன் பயனை உலகம் கண்ணாரக் கண்டது 1971-ஆம் ஆண்டில். வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் குவிந்திருந்தனர். அங்கே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றுவதற்கான சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் என்பவர் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்னும் அளவில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளைகளைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை எட்டியிருந்த மரணம், அவர் கவனித்தவர்களிடையே நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே தாதியராய் நின்றவர்கள் தாயும் தமக்கையும் பாட்டியுந்தான் என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. கோஷாவில் இருக்கும் பெண்களின் அடுப்படிக்கே சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அவர்கள் கற்றுக்கொடுத்தனர். தாய்மார்கள் எவ்வளவை நினைவில் வைத்திருக்கின்றார்கள் என்று பிறகு சோதித்துப் பார்த்தே ஊழியருக்குக் கூலி வழங்கப்பட்டது! நம்மிடையே சொற்பொழிவு செய்பவர்களுக்கும் இம்முறையில் சன்மானம் வழங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்று மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சாலச் சிறந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் சர்க்கரையையும் குறைத்துத் திருத்திய அளவு அது. பொட்டலத்தின் மேல் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டிக் கண் அளவாகக் கலப்பது கூடாது. பொட்டலம் கிட்டாவிடில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவாக, இடுங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ஓதிய தண்ணீர் கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், இந்தக் கொதித்தாறிய நீரிலேயே ஓதிக் கொடுக்கலாமே.

கடைகளில் அழகிய அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை நம்பிவிடாதீர்கள். உரிய அளவில் அமையாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாதென்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நன்னாரி சர்பத்தும் சோடாவும் அப்படியே. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகப் புகட்டுங்கள். பொறுமையே இங்கு மருந்தில் பாதி. படுக்கையில் இருக்கும் வயது முதிர்ந்த வாப்பாவோ உம்மம்மாவோ தாகத்தைச் சரியாக உணரமாட்டார்கள்; கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே கொடுக்க வேண்டும். இருதய, சிறுநீரக நோயுள்ளோர்க்கு மட்டும் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உணவு. நலிந்த குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தன் வழியே செல்லும் உணவிலிருந்தே ஊட்டம் எடுக்கின்றது. பட்டினி போட்டால் அது இன்னும் நலியும். ஆகவே தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். வளர்ந்த பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும், இட்லி, தயிர்ச் சோறு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறுகச் சிறுக, மூன்று நான்கு மணிக்கொரு முறை கொடுக்கலாம். நமக்குப் பழக்கமான நோன்புக் கஞ்சியே நல்ல உணவுதான். கறியும் மிளகாயும் தாளிப்பும் விலக்கி, தேங்காய்ப்பாலைக் குறைத்து, அரிசியும் பாசிப்பருப்பும் மசியக் காய்ச்சினால் போதும். பசும்பால் குடித்தபின் பேதி மிகுந்தால் சில நாள் அதற்குப் பதிலாகத் தயிர் கொடுங்கள்.

வயிற்றுப்போக்குக் கண்டவருக்குத் தேன் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் அறிவோம். 1985-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் குளுக்கோஸுக்குப் பதில் தேன் கலந்த உப்புநீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பாக்டீரியாவால் வந்த பேதி விரைவாக நின்றதாக வெளியிட்டனர். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டும் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, அவ்விளங்குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும்.

ரமலானில் நோன்பாளிக்குப் பேதி கண்டால், நோயாளிக்கு அல்லாஹ் தந்துள்ள சலுகையை ஏற்று நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ளலாம். மயங்கி விழும்வரை பிடித்து வைத்திருப்பது மார்க்கம் கேட்காத ஒன்று.

மலத்தில் இரத்தம், குழிந்த கண், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புதல், ஆறு மணி நேரம் சிறுநீர் பிரியாமை, குடிக்க இயலாத சோர்வு, நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள்; வழியிலும் புகட்டிக்கொண்டே செல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவானால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். குடலேற்றம் என்று வயிறு தட்டுவோரிடம் தூக்கிச் சென்று நேரத்தை இழக்காதீர்கள். துத்தநாகம் எனப்படும் ஜிங்க் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், பேதி நின்ற பின்னும் 14 நாள் வரை சொன்னபடி முடிக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10.

பேதி நின்ற மறுநாளிலிருந்து இரண்டு வாரம், வழக்கமான சாப்பாட்டுடன் நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். இழந்த எடை அப்போதுதான் திரும்பும். கரைத்து வைத்த ஓ.ஆர்.எஸ். நீரில் மீந்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.