நாலு செம்பு ரிவெட்டும் ஒரு பெயரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். கராஜில் தோலும் சுத்தியலுமாக நான் உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார்கள்.

"ஏம்பா, அமெரிக்கா போயி செருப்பு தைக்கிறியா? நல்லா இருக்குது போ. சொந்தக்காரங்க யாருகிட்டயும் சொல்லிக்காத" என்றார்கள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்ற பத்து வயது மகள், "ஏன் சொல்லக்கூடாது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நடுவில் ரிவெட் பற்றியும் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எங்கள் ஊர் குடுபல்லி. ஜோலார்பேட்டை - பெங்களூரு ரயில் பாதையில் குப்பம் தாண்டி வரும் சின்ன ஸ்டேஷன். ஆந்திராதான், ஆனால் ஒரு பக்கம் கர்நாடகா, ஒரு பக்கம் தமிழ்நாடு. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனியாகப் போனது, நாங்கள் சித்தூரிலேயே இருந்துவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்த்து மூன்றும். அப்பாவை நைனா என்போம், பாட்டியை அவ்வா என்போம்.

நைனா பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் ஒரு தோல் பை இருந்தது. 1983-ல் குப்பத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்திருந்த செருப்புத் தொழிலாளி ஒருவர் செய்து கொடுத்தது. பட்டை உடம்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு இரண்டாக நாலு செம்பு ரிவெட். ரிடையர் ஆகும்வரை அந்தப் பைதான். நான் அமெரிக்கா வந்தபோது அதை எனக்குக் கொடுத்தார். இங்கே வந்து பல வருஷம் கழித்துப் பட்டை அறுந்தது. அப்போதும் அறுந்தது தோல்தான், ரிவெட் இல்லை.

புதுப் பட்டை போட வேண்டுமானால் பழைய ரிவெட்டை எடுத்தாக வேண்டும். எடுத்தேன். இணையத்தில் நூற்றுக்கணக்கான ரிவெட், மூன்று கருவி, எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து டாலருக்கு ஒரு டப்பா கிடைத்தது. வாங்கி, சமையலறை மேஜை மேல் வைத்து நாலு தட்டு தட்டினேன். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. மூன்று மாசம் கழித்து விமான நிலையத்தில் செக்யூரிட்டி வரிசையில் பட்டை கழன்று, லேப்டாப்போடு பை கீழே விழுந்தது. தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வைதான்.

தப்பு டப்பாவில் பாதி, என்னிடம் பாதி. அதற்கப்புறம் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது இதுதான்.

ரிவெட்டுக்குத் தமிழில் தறையாணி என்று பெயர். தோல் வேலைக்கு நாலு வகை தெரிந்தால் போதும்.

முதலாவது, இரட்டைத் தொப்பி ரிவெட். ஒரு தண்டு, ஒரு தொப்பி, நடுவில் தோல், மேலே ஒரு தட்டு. சுலபம், இரண்டு பக்கமும் அழகு. நான் வாங்கிய டப்பா முழுக்க இதுதான். பர்ஸ், புத்தக உறை, சாவிக் கொத்து மாதிரி பாரம் இல்லாத இடத்துக்குச் சரி. பாரம் இழுக்கும் இடத்தில் இதை மட்டும் நம்பக்கூடாது.

இரண்டாவது, குழாய் ரிவெட். தண்டின் நுனி உள்ளே குடைந்திருக்கும், அடித்தால் விரிந்து மடங்கும். லாரி பிரேக்கில் லைனிங் பிடித்திருப்பது இந்தச் சாதிதான். உறுதியானது, ஆனால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

மூன்றாவது, செம்பு ரிவெட்டும் வாஷரும். கெட்டியான செம்புத் தண்டு, அதில் இறுக்கமாக இறங்கும் ஒரு வாஷர். வாஷரை அழுத்தி இறக்கி, மிச்சத் தண்டை வெட்டி, நுனியை உருண்டை முனைச் சுத்தியலால் தட்டித் தட்டி மடக்க வேண்டும். நேரம் பிடிக்கும். பை, பெல்ட், நாய்ப் பட்டை என்று இழுபடுகிற எதற்கும் இதுதான். நைனாவின் பையில் இருந்ததும் இதுவே.

நாலாவது, திருகு ரிவெட். ஸ்க்ரூ மாதிரி கழற்றி மாட்டலாம். பெல்ட் பக்கிளுக்கு நல்லது. தானாகக் கழன்றுவிடும் என்பதால் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு முறுக்குங்கள்.

என் கருத்து: முதன்முதலில் கற்றுக்கொள்கிறவர்கள் செம்பிலிருந்து தொடங்குங்கள். இரட்டைத் தொப்பியில் தப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், தண்டு உள்ளே கோணிக் கிடக்கும். செம்பில் கையின் தப்பு கண்ணுக்கு அப்போதே தெரியும்.

நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரட்டைத் தொப்பியில், தோலை அழுத்திப் பிடித்தபின் தண்டு சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். அதிகமானால் கோணும், குறைந்தால் தொப்பி பிடிக்காது. செம்பில் வாஷருக்கு மேல் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. செம்பு ரிவெட்டில் எண் ஏற ஏறத் தண்டு மெலியும். 9-ஆம் எண் சுமார் 3.8 மில்லிமீட்டர், 12-ஆம் எண் சுமார் 2.8. பைக்கும் பெல்ட்டுக்கும் 9, மெல்லிய வேலைக்கு 12. துளை தண்டின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் ரிவெட் ஆடிக்கொண்டே தோலைத் தின்னும். அப்புறம், ஒற்றை ரிவெட்டை அச்சாக வைத்துப் பட்டை சுழலும். அதனால் இரண்டு போடுங்கள்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பித்தளை என்று விற்பதில் பாதி, பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. பூச்சு தேய்ந்து வியர்வை பட்டால் துரு வரும். துருவை விட மோசம், பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புக் கறை பிடிக்கும். இதன் ரகசியம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்கள் துணியைக் கடுக்காயில் நனைத்து, வெல்லமும் இரும்பும் போட்டுப் புளிக்க வைத்த நீரால் கோடு இழுப்பார்கள். இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்த இடம் கறுப்பாகிவிடும். நம் ஊரில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலிலும் அதே துவர்ப்புதான். துணியில் அது கலை, பையில் அது கறை. செம்பு மட்டும் உத்தமமா என்றால், தோலின் எண்ணெய் பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும். துணியால் துடைத்தால் போய்விடும்.

கருவி. எங்கே காசு செலவழிக்க வேண்டும், எங்கே வேண்டாம்? செட்டருக்குச் செலவழியுங்கள். அதன் குழி தொப்பியின் அளவுக்குப் பொருந்த வேண்டும். குழி சின்னதானால் தொப்பியில் வட்டமாகத் தழும்பு விழும், பெரிதானால் தொப்பி சப்பையாகும். எல்லா அளவுக்கும் ஒரே கருவி என்று சொன்னால் நம்பாதீர்கள். செட்டர் மேல் அடிக்க பிளாஸ்டிக் அல்லது பச்சைத்தோல் சுத்தியல், செம்பு நுனிக்கு மட்டும் இரும்புச் சுத்தியல். ஓங்கி அடிக்காதீர்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகி விளிம்பு வெடிக்கும்.

அடியில் வைக்கும் கல்லுக்குச் செலவே வேண்டாம். மர மேஜை அடியைத் திருப்பி அனுப்பும், கல் வாங்கிக்கொள்ளும். கிச்சன் மேடை போடும் கடையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டைக் கேட்டால் பெரும்பாலும் சும்மா கொடுப்பார்கள். உலகமெங்கும் 'குப்பம் கிரீன்' என்ற பெயரில் விற்பது எங்கள் பக்கத்துப் பாறைதான். கல்லுக்குக்கூட ஊர்ப் பெயர் இருக்கிறது.

நிற்க. இங்கேதான் மகளின் கேள்வி வருகிறது.

பழைய ரிவெட்டை எடுக்கும்போது அவள் கூடவே இருந்தாள். நாலும் ஒரே உயரம், ஒரே உருண்டை. நான் எத்தனை தடவை முயன்றும் இன்றுவரை அப்படி வரவில்லை. "இதை யார் செஞ்சாங்க?" என்றாள்.

எனக்குப் பெயர் தெரியவில்லை. அந்த மனிதர் வருஷத்துக்கு நாலு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வந்தவர். வாசலோடு நின்றுவிடுவார். தண்ணீர் கேட்டால் அவ்வா உயரத்திலிருந்து ஊற்ற, அவர் கையில் ஏந்திக் குடிப்பார். தீண்டாமை ஒழிந்தது என்று 1950-லேயே அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. எண்பதுகளில் எங்கள் திண்ணைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வீட்டில் எல்லோரும் அவரைச் சாதிப் பெயரால்தான் கூப்பிட்டோம். சின்னப் பையன் நான் உட்பட.

நைனாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டதே இல்லடா" என்றார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிய கை அது.

இன்னொரு கதையும் மகளுக்குத் தெரியும், பள்ளியில் படித்திருக்கிறாள். ரீகாவில் பிறந்து நெவாடாவின் ரெனோ ஊருக்கு வந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், கால்சட்டைப் பை மூலைகளில் செம்பு ரிவெட் அடித்தார். துணி கொடுத்த லீவை ஸ்ட்ராஸுக்கு எழுதினார். அவரும் பவேரியாவிலிருந்து வந்தவர். 1873 மே 20-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. பிழைக்க வந்த இரண்டு பேர், சின்னதாக ஒரு செம்பு ஆணி, இன்றும் உலகமே போட்டுக்கொள்ளும் ஜீன்ஸ். அந்தத் தையல்காரரின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. எங்கள் பையைச் செய்தவரின் பெயர் எங்கேயும் இல்லை.

"ஒரு ரிவெட்டுக்குள் சாதியை ஏன் இழுக்கிறாய்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் இழுக்கவில்லை ஐயா, அம்மாவின் ஒரு வரியில் அது தானாக வந்து உட்கார்ந்தது. இங்கே தோல் வேலைக்கு வார இறுதி வகுப்பு, அதற்குக் கட்டணம், முடித்தால் பாராட்டு. என் ஆபீஸில் பெல்ட்டைக் காட்டினால் கைகுலுக்குகிறார்கள். அதே வேலை ஊரில் இன்னொருவர் மேல் பிறப்பால் சுமத்தப்பட்டது, அதையே காரணம் காட்டித் தள்ளியும் வைத்தோம். எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு வேறு வழியில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லி நான் நல்லவனாகிவிட முடியாது. ஆனால் "யாருகிட்டயும் சொல்லிக்காத" என்பதை மகளுக்குக் கடத்தாமல் இருக்க முடியும்.

அதனால் அவளிடம் முழுசாகச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிய கதை உட்பட. "அவ்வா கெட்டவங்களா?" என்றாள். "இல்லை, ஆனா அது கெட்டது. நானும் அதைச் செஞ்சேன்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கோலம், கர்நாடக சங்கீதம், பரதம் எல்லாம் சொல்லித்தருகிறோம், நல்லது. இந்தக் கை வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் கதையை மறைக்காமல். ஊருக்குப் போனால் செருப்பையும் பையையும் தெருவோரத் தொழிலாளியிடம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பெயரைக் கேளுங்கள். கேட்டு, அந்தப் பெயருக்கு மரியாதை சேர்த்துக் கூப்பிடுங்கள்.

வரும் டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். நைனா தானே முன்வந்து, குப்பம் ஸ்டேஷன் பக்கம் போய் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் இருப்பாரோ இல்லையோ, பிள்ளைகளாவது இருப்பார்கள்.

டிஸ்கி: பையில் இப்போது நாலும் புதுச் செம்பு ரிவெட். மூன்று நான் அடித்தது, ஒன்று மகள் அடித்தது. அவளுடையதுதான் நேராக இருக்கிறது :-)