முதல் கிடார்: கழுத்தை மட்டும் கடையில் வாங்காதீர்கள்!

கம்ப்யூட்டர் இதழில் கிடாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் எலெக்ட்ரிக் கிடாரை வீட்டில் செய்யும்போது முதலில் தேவைப்படுவது ரம்பமோ உளியோ அல்ல. உங்கள் மேஜை மீது இருக்கும் கம்ப்யூட்டரும், அதோடு இணைந்த பிரிண்டரும்தான். எப்படி என்று பார்ப்போம்.

சொந்தமாக கிடார் செய்யக் கிளம்புபவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் "கிட்" வாங்குவார்கள். உடல், கழுத்து, ஒயர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். ஸ்க்ரூ முடுக்கி, பெயிண்ட் அடித்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. இரண்டாவது வகையினர் எதையும் வாங்கமாட்டேன் என்று அடம் பிடிப்பார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைக்கூட சொந்தமாகச் சுற்ற உட்காருவார்கள். தலைமுடி அளவே தடிமன் உள்ள செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி சுமார் எட்டாயிரம் சுற்று சுற்ற வேண்டும். இரண்டாயிரத்தில் கம்பி அறுந்துபோகும். அரைகுறைக் கிடார் பரணுக்குப் போய்விடும்.

என் கருத்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிக்கப்பை வாங்குங்கள். முறுக்காணிகளை வாங்குங்கள். பிரிட்ஜை வாங்குங்கள். ஆனால் கழுத்தை மட்டும் நீங்களே செய்யுங்கள். கழுத்தைச் செய்தவர்தான் கிடாரைச் செய்தவர்.

சுருதி எங்கே இருக்கிறது?

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ப்ரெட் என்று பெயர். விரலால் கம்பியை அழுத்தும்போது, அதிரும் கம்பியின் நீளத்தை ப்ரெட்தான் தீர்மானிக்கிறது. வீணை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீணையின் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருப்பவை. மெழுகை இளக்கி அவற்றைத் திருத்தி வைக்கலாம். கிடாரில் மரத்தை அறுத்து ப்ரெட்டை இறக்கிவிட்டால், அதன் இடம் அதோடு முடிந்தது.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஸ்ப்ரெட்ஷீட் வருகிறது. நட் என்னும் மேல் முனையிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளத்துக்கு "ஸ்கேல்" என்று பெயர். ஃபெண்டர் கிடார்களில் இது 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மி.மீ. ஓர் எண்மத்தில் பன்னிரண்டு சம இடைவெளிகள். எனவே, நட்டிலிருந்து எந்த ப்ரெட்டின் தூரத்தையும் ஒரே வரியில் கணக்கிடலாம்:

தூரம் = 648 − 648 ÷ 2^(ப்ரெட் எண் ÷ 12)

எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டில் எது இருந்தாலும் போதும். முதல் பத்தியில் 1 முதல் 22 வரை எண்களை இடுங்கள். பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுங்கள். சரிபார்க்கச் சில விடைகள் இதோ:

1-வது ப்ரெட்: 36.37 மி.மீ.
5-வது ப்ரெட்: 162.55 மி.மீ.
7-வது ப்ரெட்: 215.51 மி.மீ.
12-வது ப்ரெட்: 324.00 மி.மீ.
22-வது ப்ரெட்: 466.16 மி.மீ.

பன்னிரண்டாவது ப்ரெட் மிகச் சரியாக ஸ்கேலின் பாதியில் விழுகிறது பாருங்கள். அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? மீதமுள்ள நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் எடுத்து அடுத்த ப்ரெட்டை வைப்பது ஒரு பழைய வழி. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-ல் வெளியிட்ட இசை நூலில் இந்த 18:17 விகிதத்தைச் சொல்லியிருக்கிறார். கையால் கணக்குப் போட எளிது. ஆனால் 648 மி.மீ. ஸ்கேலில் இந்த முறைப்படி பன்னிரண்டாவது ப்ரெட் 321.6 மி.மீ.-ல் விழும். இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம்! உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டோ ஒரு நொடியில் சரியான விடையைத் தந்துவிடுகிறது.

அளவை அடுக்காதீர்கள்

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை மரத்துக்கு மாற்ற வேண்டும். என் அப்பா கோவையில் லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் ஆபீஸில் என்ன செய்கிறேன் என்பதை ஆறு வருடமாக அவருக்கு விளக்க முயன்றிருக்கிறேன். தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆனால் கிடாருக்கான அளவுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேஜை மீது வைத்ததும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெர்னியரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "கண்ணு, ஒண்ணுல இருந்து இன்னொண்ண அளக்காத. எல்லாத்தையும் ஒரே முனையில இருந்து அள."

லேத் பட்டறையின் பாலபாடம் அது. கிடாருக்கும் அதுதான். ஒவ்வொரு ப்ரெட்டையும் அதற்கு முந்தைய ப்ரெட்டிலிருந்து அளந்து, ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. ஒரே பக்கம் பிசகினால், 22-வது ப்ரெட்டில் 2.2 மி.மீ. சேர்ந்துவிடும். அந்த இடத்தில் அதிரும் கம்பியின் நீளமே சுமார் 182 மி.மீ.தான். எனவே சுருதி ஏறக்குறைய 21 சென்ட் விலகும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். அதில் ஐந்தில் ஒரு பங்கு தவறினால் சங்கீதம் தெரியாதவர் காதும் முகம் சுளிக்கும். எல்லா அளவையும் நட்டிலிருந்தே எடுத்தால், தவறு எங்கே நேர்ந்தாலும் அந்த ஒரு ப்ரெட்டோடு நின்றுவிடும்.

பிரிண்டர் செய்யும் சூழ்ச்சி

அளவுகளை மரத்தில் ஒவ்வொன்றாகக் கீறுவதைவிட, இங்க்ஸ்கேப் போன்ற இலவச சாஃப்ட்வேரில் கோடுகளை வரைந்து பிரிண்ட் எடுத்து மரத்தின் மீது ஒட்டிவிடுவது நல்லது. ஏ4 தாள் 297 மி.மீ. நீளம்தான் என்பதால் இரண்டு தாள்களை இணைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிண்ட் கொடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் அதை நீக்கிவிட்டு "100 சதவீதம்" அல்லது "உண்மை அளவு" என்பதைத் தேர்வு செய்யுங்கள். பொருத்துகிறேன் என்று பிரிண்டர் 97 சதவீதமாகச் சுருக்கினால், தாளைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் பன்னிரண்டாவது ப்ரெட் 324-க்குப் பதிலாக 314.3 மி.மீ.-ல் நிற்கும். பிரிட்ஜை மட்டும் 648-ல் வைத்தீர்கள் என்றால் ஒரு ப்ரெட்கூடச் சரியாக ஒலிக்காது. தாளின் ஓரத்தில் 200 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து வையுங்கள். ஸ்டீல் ஸ்கேலால் அதை அளந்து பார்த்த பிறகே ரம்பத்தைத் தொடுங்கள்.

ரம்பத்திலும் கவனம் தேவை. ப்ரெட்டின் அடிப்பகுதி மெல்லியது, சுமார் 0.6 மி.மீ. வெட்டு போடும் மெல்லிய ரம்பம் வேண்டும். சாதாரண ஹேக்ஸா பிளேடின் வெட்டு அகலமானது, ப்ரெட் அதில் பிடிமானமில்லாமல் ஆடும்.

மரமா, அளவா?

"நல்ல மரம் கிடைத்தால் செய்யலாம்" என்று சொல்லியே பலர் தள்ளிப்போடுகிறார்கள். எலெக்ட்ரிக் கிடாரின் ஒலியில் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ப்ரெட் தப்பான இடத்தில் இருந்தால் சுருதி தப்பும் என்பதில் யாருக்கும் விவாதமே இல்லை!

லெஸ் பால் 1940-ஆம் ஆண்டு வாக்கில் செய்துபார்த்த கிடாரின் நடுப்பகுதி நான்குக்கு நான்கு அங்குல பைன் கட்டை. "மரக்கட்டை" என்ற பொருளில்தான் அதற்கு "லாக்" என்று பெயர். கிடார் போலத் தெரிவதற்காகவே இரு பக்கமும் பழைய கிடாரின் பாதிகளை ஒட்டினார்.

இன்னும் நல்ல உதாரணம் குயின் இசைக்குழுவின் பிரையன் மே. 1963-ல் பள்ளி மாணவராக இருந்தபோது, கடையில் கிடார் வாங்கப் பணமில்லாமல், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த தன் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்து, பழைய கணப்பு அடுப்பின் மேல்பலகையிலிருந்து செதுக்கியது. ட்ரெமோலோ ஸ்பிரிங்குகள் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவை. கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கவனியுங்கள்: பிக்கப்புகளை அவரும் சொந்தமாகச் சுற்றிப் பார்த்தார், பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்திவிட்டார். கழுத்தை வாங்கவில்லை. அந்த "ரெட் ஸ்பெஷல்" கிடாரைத்தான் 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மீது நின்று வாசித்தார்.

மற்றதெல்லாம் எப்படி?

முதல் கிடாருக்கு நான் சொல்வது ஃபெண்டர் முறை. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். 1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டாமல், நான்கு ஸ்க்ரூக்களால் பிணைத்தார். நமக்கு இதில் பெரிய வசதி: கழுத்து சரியாக வராவிட்டால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு வேறு கழுத்து செய்யலாம். உடல் வீணாகாது.

ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கும். ஆகவே கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பி கட்டாயம். அதைத் தயாராகவே வாங்கிவிடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், ஹம்பக்கர் என்றால் 500 கிலோ ஓம். பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் பாட்டைவிட அதிகமாகக் கேட்கும். மரம் தேய்க்கும்போது முகமூடி அவசியம்.

கம்பி மாட்டியதும் மறுபடி கம்ப்யூட்டருக்கு வாருங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் ஒலி மந்தமாக இருக்கும். கிடாருக்கான துளை உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். பதிவு செய்ய ஆடாசிட்டி இலவசம். லினக்ஸில் கிடாரிக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் ஆம்ப்ளிஃபயர் வேலையைச் செய்யும். ட்யூனர் ஆப் ஒன்றைத் திறந்து, திறந்த கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள். முள் மேலே காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் தாங்கியைப் பின்னால் தள்ளுங்கள்; கீழே காட்டினால் முன்னால் கொண்டுவாருங்கள். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபடுவதால் தாங்கி 648-ஐவிட ஓரிரு மி.மீ. தள்ளி நிற்பது சகஜம்.

வாங்கினால் ஆகாதா?

ஆகும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கடைக்கே போகலாம். கருவிகளின் விலையையும் சேர்த்தால் சொந்தக் கிடார் மலிவானதில்லை. நேரமும் பல மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கும்.

ஆனால் என்னைப் போல சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. நான் எழுதிய புரோகிராம்களில் பாதி இன்று எந்த சர்வரிலும் இல்லை. புது வெர்ஷன் வந்ததும் போய்விட்டன. அதில் வருத்தமில்லை, தொழில் அப்படி. இருந்தாலும், நாம் கணக்குப் போட்ட ஒரு எண் மரத்தில் கோடாக மாறி, அந்தக் கோட்டின் மீது விரல் வைத்தால் சுரம் சரியாக ஒலிப்பதைக் கேட்பது வேறு அனுபவம். கழுத்தைக் கடையில் வாங்கினால் இழப்பது இதைத்தான். அந்த எண் வேறு யாரோ போட்டது.

மரம், கருவி எதுவும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். நண்பர் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு கிடாரில் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அதுதான் அதன் ஸ்கேல். சூத்திரத்தில் 648-க்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டு, கோடுகளைப் பிரிண்ட் எடுத்து, கழுத்தின் மீது வைத்துப் பாருங்கள். கோடும் ப்ரெட்டும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தால் உங்கள் முதல் கிடாரின் கடினமான பாதி முடிந்துவிட்டது. செலவு? இரண்டு ஏ4 தாள்!