ஐவிஎஃப்: பாதியில் டோஸ் மாறினால் பயப்படணுமா?

ஐவிஎஃப் சிகிச்சையின் நடுவில் டாக்டர் ஊசியின் அளவை மாற்றினால், பல பெண்களுக்கு உடனே வரும் கேள்வி: 'என் உடம்புல ஏதாவது கோளாறா?' பெரும்பாலும் இல்லை. கருமுட்டையை வளர்க்கும் ஊசிகளை வழக்கமாக 8 முதல் 12 நாள் போடுவார்கள். வயது, ஏஎம்ஹெச் அளவை வைத்து முதல் நாள் குறித்துத் தரும் டோஸ் ஓர் உத்தேசக் கணக்குதான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதைத் திருத்தும்.

முட்டைகள் மெதுவாக வளர்ந்தால் டோஸ் கூடலாம், நாள் நீளலாம். நிறைய வளர்ந்தால்தான் கவனம் தேவை. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கும் 'ஓஹெச்எஸ்எஸ்' பாதிப்பு தீவிரமானால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும். அதைத் தவிர்க்க டோஸைக் குறைப்பார்கள், கடைசி 'ட்ரிகர்' ஊசியில் வேறு மருந்து தருவார்கள், கருவை உறைய வைத்துத் தள்ளிப்போடுவார்கள். 'இந்த மாசமே' என்று காத்திருந்தவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அது சரியான முடிவு.

கோபப்பட வேண்டியது, காரணமே சொல்லாமல் ஆபீஸ் மீட்டிங் நடுவே வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரிக்கு. இந்த ஆபத்தையும் பக்கவிளைவுகளையும் செலவையும் மருத்துவமனை முன்பே விளக்க வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் 'ஏன் மாத்துனீங்க?' என்று தயங்காமல் கேட்கலாம்.

புது அளவையும் நேரத்தையும் எழுதி வாங்குங்க. ட்ரிகர் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள் என்பதால், அந்த ஊசிக்கு நேரம் ரொம்ப முக்கியம். அலாரம் வைக்கும் வேலை கணவருடையது. பழைய சீட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டுடுங்க, தூக்கக் கலக்கத்தில் குழப்பம் வராது.