கணினித் திரையில் மலர்ந்த தெய்வ வடிவங்கள்

சிற்பி உளியைக் கையில் எடுக்குமுன், தியான சுலோகத்தை மனத்தில் இருத்துகிறார். திருக்கரங்கள் எத்தனை, எக்கரத்தில் எவ்வாயுதம், திருமேனியின் வண்ணம் யாது என்பவற்றை அச்சுலோகமே அவருக்கு உணர்த்துகிறது. பின்னர்த் தாள அளவுப்படி அங்கங்களை வகுத்து, நிறைவாகத் திருவிழிகளைத் திறக்கிறார். கல்லில் நிகழ்ந்த இத்தவம் காலப்போக்கில் காகிதத்திற்கும் வந்தது. ராஜா ரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சகத்தால், எளியோர் இல்லங்களிலும் இலக்குமியும் கலைமகளும் எழுந்தருளினர். இன்று அத்தவம் கணினித் திரையை எட்டியுள்ளது.

அமெரிக்காவில் வாழும் ஓவியர் சஞ்சய் படேல் இதற்குச் சான்று. குஜராத்தி மரபினரான அவருடைய பெற்றோர் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் தங்கும் விடுதி ஒன்றை நடத்தினர். தந்தை நாள்தோறும் பூசை செய்வார். மகனுடைய நாட்டமோ தொலைக்காட்சியில் தோன்றும் கார்ட்டூன் வீரர்கள்மீதே இருந்தது. பிற பிள்ளைகளைப் போல இருக்கவேண்டும் என விழைந்த அச்சிறுவனுக்கு, வீட்டு வழிபாடு கூச்சத்தையே தந்தது. பின்னாளில் ஓவியம் பயின்று, பிக்சார் நிறுவனத்தில் அசைபடக் கலைஞரானார். பிறர் படைத்த பாத்திரங்களுக்கு உயிரூட்டிய அவர் உள்ளம், ஒருநாள் தம் இல்லத்துப் பூசையறையை நோக்கித் திரும்பியது. புராணங்களைத் தேடிப் படித்தார். அதன் பயனாக 2006-இல் இந்துத் தெய்வங்களைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவர் சித்திரங்களுடன் வெளிவந்தது.

அச்சித்திரங்கள் கணினியில் உருவானவை. வட்டம், முட்டை வடிவம், வளைகோடு ஆகிய எளிய வடிவங்களே அவற்றுக்கு அடிப்படை. இத்தகைய ஓவியத்தில் மேனி, ஆடை, அணிகலன், ஆயுதம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வரையலாம். மாலையைத் திருத்தினாலும் மார்பு கலையாது. கோடுகள் கணித முறையில் அமைவதால், தபால்தலை அளவிலிருந்து தேர்ச்சீலை அளவிற்குப் பெருக்கினாலும் உருவம் மங்காது. எனினும், எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைக் கருவி அறியாது. அனுமனுக்கு வாலும் திருமாலுக்குச் சங்கும் சக்கரமும் இன்றியமையாதவை என்பதை ஓவியரே அறிந்திருத்தல் வேண்டும்.

2015-இல் அவர் இயக்கிய ஏழு நிமிடக் குறும்படம், 'சஞ்சய்'ஸ் சூப்பர் டீம்', தந்தை மகன் கதையையே சொல்கிறது. வேண்டா வெறுப்பாகப் பூசையில் அமர்ந்த சிறுவனின் கற்பனையில், திருமாலும் துர்க்கையும் அனுமனும் தீமையை எதிர்க்கும் வீரர்களாகத் தோன்றுகின்றனர். இத்தகைய படங்களில் பாத்திரத்தைக் களிமண் பிடிப்பதுபோல் கணினியிலேயே முப்பரிமாணமாக வனைவர், உள்ளே எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்தி அசைப்பர், பின்னர் ஒளியூட்டுவர். தெய்வங்களின் அசைவு வெறும் சண்டையாகிவிடாதிருக்க, பரத நாட்டியம் அறிந்தவரின் துணையும் நாடப்பெற்றது. அக்குறும்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

பேரக் குழந்தைகள் பூசையறைக்கு வராமல் கைப்பேசியே கதியெனக் கிடக்கின்றனரே என வருந்தும் பெரியோர் பலர். இக்கதை அவர்களுக்கு ஆறுதல் தரக்கூடும். அத்தந்தை மகனிடம் தத்துவம் பேசி வென்றாரல்லர். நாள்தோறும் விளக்கேற்றி அமர்ந்தார், அவ்வளவே. விருப்பமின்றி அருகில் அமர்ந்த பிள்ளையின் நெஞ்சில் தீபச்சுடரும் மணியோசையும் தங்கிவிட்டன. ஆண்டுகள் பல கழிந்தபின் அவை கோடுகளாகவும் வண்ணங்களாகவும் வெளிப்பட்டன.

இனி ஒரு குழந்தை திரையில் யானைமுகத்தானை வரைந்து காட்டினால், "இதென்ன பொம்மை?" எனப் புறந்தள்ளாமல், கொம்பொடிந்த கதையை அருகமர்த்திச் சொல்லலாம். பாட்டனார் சொல்லும் அக்கதையே அக்குழந்தைக்குத் தியான சுலோகம்.