மெல்போர்னில் புதுக் குடித்தனம்

உங்கள் கணவருக்கோ, ஏன், உங்களுக்கேதானோ, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதலில் நடக்கிற காரியம் என்ன? சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து வாயைப் பிளப்பதுதான்! கொஞ்சம் பொறுங்கள், அம்மா. அந்தச் சம்பளம் செலவாகப் போவதும் டாலராகத்தானே?

வாடகையிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே வாரக் கணக்கில்தான் வாடகை பேசுவார்கள். "வாரம் 600 டாலர்" என்றதும் நாலால் பெருக்கி, மாதம் 2,400 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வருஷத்துக்கு 52 வாரம். பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் 2,600 ஆகிறது. மாதா மாதம் 200 டாலர் துண்டு விழுவது இப்படித்தான்.

முன்பணமோ, இந்த மாதிரி வாடகைக்கு ஒரு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாதென்று விக்டோரியா மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான்! அந்தப் பணமும் வீட்டுக்காரரிடம் இராது. அதற்கென்று உள்ள அரசாங்க அமைப்பிடம் இருக்கும். ஆனாலும் முதல் மாத வாடகையையும் சேர்த்தால், முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்க்குமுன் 5,200 டாலர் எண்ணி வைத்தாக வேண்டும்.

வீட்டில் அடுப்பு இருக்கும். கட்டில், மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் நம் பொறுப்பு. தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளில் தாராளமாக வாங்கலாம். அங்கே அதை யாரும் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை குளிர்காலம். கம்பளிக்கும் கணப்புச் செலவுக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டு விஷயம் அவ்வளவு பயமில்லை. பால், காய்கறி, பழங்களுக்கு வரி கிடையாது. பெரிய கடைகளில் சாமானின் விலையோடு, 100 கிராம் என்ன விலை என்பதையும் சீட்டில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கினால் ஏமாற வேண்டாம். நம் காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்குத்தான் டாலர் கொடுக்கும்போது மனசு கேட்காது!

கையைக் கடிப்பது குழந்தைக் காப்பகம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கே 100 டாலருக்கு மேல். தற்காலிக விசாவில் போகும் நம்மவர்களுக்கு அரசாங்கத்தின் காப்பக உதவித் தொகையும், 'மெடிகேர்' வைத்திய உதவியும் பொதுவாகக் கிடைப்பதில்லை. வைத்திய இன்ஷூரன்ஸ் சொந்தச் செலவில் எடுக்க வேண்டும்.

"உன் சம்பளம் பூராவும் காப்பகத்துக்கே போகிறதே, வீட்டிலேயே இருந்துவிடேன்" என்ற பேச்சு எழுவது இங்கேதான். அதென்ன நியாயம்? குழந்தை இருவருக்கும்தானே! காப்பகச் செலவை இருவர் சம்பளத்தையும் கூட்டி அதிலிருந்து கழித்துப் பாருங்கள். நாலு வருஷம் வேலையை விட்டவளுக்கு, திரும்பச் சேரும்போது என்ன சம்பளம் கிடைக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

இந்தப் பேச்சை மெல்போர்ன் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் வாங்குமுன், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகுமுன், இங்கேயே பேசி முடியுங்கள். விமானச் செலவையும், முதல் மாதம் தங்கும் செலவையும் கம்பெனி கொடுக்குமா என்று கேட்டு, கொடுப்பதாகச் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.