பதிவேட்டில் இல்லாத காரணம்

எங்கள் பெரியப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிழைப்பை நாடி வடக்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது; கோடை விடுமுறைக்கு மட்டுமே தஞ்சை மாவட்டத்துச் சிற்றூருக்குப் போவோம். அன்றிரவு புழுக்கம் தாங்காமல் பெரியப்பா கூடத்துத் தரையில் பாயை விரித்துப் படுத்தார். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்றார். சிறிது நேரத்தில் கண்ணிமைகள் தாமாகவே கவிழ்ந்தன, நாக்குக் குழறியது, வெயில் ஏறுமுன் மூச்சு நின்றது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. இறப்புப் பதிவில் 'மாரடைப்பு' என்று எழுதினார்கள். பெரியம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, நம் பல்கலைக் கழக நூலகத்தில் கட்டுவிரியனைப் பற்றிய கட்டுரை ஒன்று கைக்கு அகப்பட்டது. இரவில் வீட்டுக்குள் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும் பாம்பு அது. பல் சிறியது, கடித்த தடம் பெரும்பாலும் தெரியாது, வலியும் அதிகமிராது. பிறகு வயிற்று வலி, இமைகள் தொங்கும், முடிவில் மூச்சுவிடும் தசைகள் செயலற்றுப் போகும். படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்று எதையும் மெய்ப்பிக்க வழியில்லை. ஆனால் அன்று கேட்டிருக்கலாமே!

நண்பர்களே, இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இறக்கின்றனர். மிகப் பலர் வீட்டிலேயே மடிகின்றனர். பதிவான மரணங்களிலும் சுமார் ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். மற்றவர்கள் எதனால் மாண்டார்கள்? அதை அறியாமல் எந்த ஊருக்கு எந்த மருந்தை அனுப்புவது?

இதற்கு ஒரு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1990-களில் நம் தமிழ் நாட்டில் மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும், இறந்துபோன 80,000 பேரின் வீடுகளில் விசாரிக்கச் செய்தனர். பின்னர் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும், டொராண்டோவைச் சேர்ந்த பிரபாத் ஜா குழுவினரும் 2001-இல் தொடங்கி நாடு முழுதும் இம்முறையை விரித்தனர். 'பத்து லட்சம் மரண ஆய்வு' என்பது அதன் பெயர். மருத்துவம் படிக்காத, ஆனால் பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கு வருவார். கடைசி நாட்களில் நடந்ததை வீட்டார் சொல்லச் சொல்ல, அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொள்வார். இரு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் படித்துக் காரணம் கூறுவர். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் முடிவு செய்வார். இவ்வளவுதான்!

அதனால் என்ன தெரிந்தது? பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்பு கடித்து இறந்திருப்பர் என்று கணக்கு வந்தது. மருத்துவமனைகள் காட்டிய எண்ணிக்கையைப் போல இது முப்பது மடங்குக்கும் மேல். காரணம் எளிது. இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியேயே மாண்டனர். 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம் பேர் என்று 2020-இல் மறுபடியும் கணக்கிட்டனர். அவர்களில் கால் பங்கினர் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள்!

என் அறை நண்பர் பௌதிக மாணவர். "அழுதுகொண்டிருப்பவரின் வாய்மொழி விஞ்ஞானமாகுமா?" என்று கேட்டார். தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. இதே ஆய்வு 2010-இல், மலேரியாவால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர் இறக்கின்றனர் என்றது. அதுவரை 15,000 என்று கணக்கிட்டிருந்த உலக சுகாதார நிறுவனம் அதை ஒப்பவில்லை. காய்ச்சலுக்கெல்லாம் முகம் ஒன்று. வாய்மொழியால் பிரித்தறிவது கடினம். முதியோர் விஷயத்திலும் இம்முறை தடுமாறும். பாம்பு அப்படியா? கண்ணெதிரே கடித்துவிட்டுப் போன பாம்பை எந்தக் குடும்பமும் காய்ச்சல் என்று சொல்லாது. கட்டுவிரியன் மட்டும் அங்கும் ஒளிந்துகொள்ளும். ஆகவே அந்த 46,000-மும் குறைவாகவே இருக்கலாம் என்பது என் எண்ணம். சோதனைக் குழாயில் பிடிபடாததெல்லாம் விஞ்ஞானமல்ல என்று நாம் எண்ணிவிட்டோமோ?

பாம்புக்கடியை 2017-இல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் பாம்புக்கடி மரணத்தைப் பாதியாக்க இந்திய அரசாங்கம் 2024-இல் திட்டம் அறிவித்தது. எண்ணிக்கை முன்னால் வந்தது. கவனம் பின்னால் வந்தது. மருந்தோ நெடுங்காலமாகவே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில், மாமல்லபுரம் அருகே 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட நம் இருளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அம்மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த மாதத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல மரணக் கணக்குத்தான் வேண்டும். கட்டுவிரியனுக்கோ மருந்துக்கு முன்பே ஒரு காப்பு உண்டு: கட்டிலும், ஓரங்களைப் படுக்கைக்கடியில் செருகிய கொசு வலையும். கூடத்தில் பாய் விரிப்பவரிடம் இதைச் சொல்ல எத்தனை செலவாகும்?

சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது, பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டேன்: அன்று காலை பெரியப்பாவின் கண்கள் எப்படியிருந்தன? அவர் சிறிதும் தயங்கவில்லை. இமை விழுந்தது, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது, கை தளர்ந்தது என்று ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல் சொன்னார். சொல்லி முடித்து, என்னையே பார்த்தார்.

"ஏன் தம்பி, அன்னைக்கு இதை யாரும் கேக்கலையே?" என்றார்.