செக் புத்தகம் இன்னும் தேவையா? தேவைதான், ஆனால் எதுக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள பால்கோவா கடைகளில் கால் கிலோ வாங்கினாலும், கல்லா பக்கத்தில் இருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலும் இதே கதைதான். அப்படியிருக்க, பீரோவுக்குள் கிடக்கும் செக் புத்தகத்துக்கு இனி என்ன வேலை?

அன்றாடச் செலவுக்குக் காசோலை தேவையில்லை என்பதுதான் நேரடியான பதில். ஆனால் இந்த இரண்டு ஊர்களிலும் செக் இன்னும் மறையவில்லை. அதன் வேலைதான் மாறியிருக்கிறது. முன்பு அது பணம் கொடுக்கும் காகிதம். இப்போது பல இடங்களில், கடன் வாங்குகிறவர் பிடிமானமாக எழுதிக்கொடுக்கும் காகிதம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தினசரி வேலைக்கு ஏன் வேண்டாம்?

செக் போட்டால் வாங்குகிறவர் வங்கிக்குப் போக வேண்டும், சீட்டு எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். 2016-ல் வந்த யுபிஐ இந்த அலைச்சலை ஒழித்துவிட்டது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அதில் அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் என்இஎஃப்டி இருக்கிறது. 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். 2019 டிசம்பரிலிருந்து என்இஎஃப்டியும், 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ்ஸும் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் 24 மணி நேரமும் ஓடுகின்றன.

"நம்பர் மாத்திப் போட்டா பணம் போயிருமே" என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகவே, பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டி இரண்டிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கே இன்னும் உதவும்?

முதலாவது, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய கணக்குகள். ஊர்ச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, பள்ளி நடத்தும் டிரஸ்ட் ஆகியவற்றில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும். யுபிஐ ஒருவர் கையில் இருக்கும் போனில் ஓடுவது. பொதுப் பணத்துக்கு அந்த இரண்டாவது கையெழுத்துதான் பூட்டு.

இரண்டாவது, வீடு, மனை போன்ற பெரிய வியாபாரம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிரயப் பத்திரத்தில் செக் எண், தேதி, வங்கி பெயர் எழுதியிருந்தால், பின்னால் யாரும் "பணமே வரலை" என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, வயதானவர்கள். ஸ்மார்ட்போனில் பின் நம்பர் போடத் தயங்குகிறவர்களுக்கு, தங்கள் கையெழுத்து இல்லாமல் பணம் போகாது என்பதே ஒரு நிம்மதி. செக்கைத் தமிழிலேயே நிரப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி என எதில் எழுதினாலும் வங்கி ஏற்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. நியூசிலாந்து வங்கிகள் 2021-க்குள் செக்கை அறவே நிறுத்திவிட்டன. பிரிட்டனோ 2018-ல் நிறுத்துவதாக அறிவித்து, முதியோரும் தொண்டு அமைப்புகளும் எதிர்த்ததால் 2011-லேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மாற்று வழி எல்லோருக்கும் கைகூடும் முன் பழைய வழியை அடைத்தால் பாதிக்கப்படுவது யார் என்பதற்கு அது ஒரு பாடம்.

'ரெண்டு நாள் ஆகும்' கணக்கு செல்லாது

ராஜபாளையத்தின் நூல், அருகில் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தின் நைட்டி என இந்தப் பக்கத்துத் தொழில்கள் எல்லாமே கடனில் சரக்கு எடுத்து, விற்றுக் கொடுக்கும் பழக்கத்தில் வளர்ந்தவை. சரக்கு எடுக்கும்போது பின்தேதியிட்டு ஒரு செக். "இன்னிக்குப் போட்டாலும் பாஸ் ஆக ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள பணத்தைக் கட்டிக்கலாம்" என்ற மனக்கணக்கும் கூடவே வரும்.

அந்தக் கணக்கு 2025 அக்டோபர் 4-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்று முதல், வங்கிக்கு வரும் செக்குகள் ஸ்கேன் செய்யப்பட்டு உடனுக்குடன் அனுப்பப்படுகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பாஸா, ரிட்டனா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாஸ் ஆனதாகவே கொள்ளப்படும். வாங்குகிறவருக்கு இது லாபம். கொடுக்கிறவரின் கணக்கிலோ, செக் வங்கிக்குப் போகும் அன்றே பணம் இருந்தாக வேண்டும்.

செக்கின் ஆயுள் 3 மாதம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 2012-க்கு முன் இருந்த 6 மாதக் கணக்கை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிட்டன் ஆனால் என்ன நடக்கும்?

செலாவணி முறிச் சட்டம் 1881-ல் வந்தது. போதிய பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக் வாங்கியவர் கவனிக்க வேண்டியது நாள் கணக்கை. ரிட்டன் ஆன தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், அடுத்த 1 மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

எந்த ஊர் நீதிமன்றம்? 2015 திருத்தத்தின்படி, வாங்கியவர் தன் கணக்கில் போட்ட செக் என்றால், அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர். ராஜபாளையத்துக்காரர் கொடுத்த செக் திருப்பூர் வியாபாரி கைக்குப் போனால், வாய்தாவுக்குத் திருப்பூருக்குத்தான் அலைய வேண்டும். உள்ளூர் வழக்கு என்றால், மேல்முறையீட்டுக்கு விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர். 2018 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எழுதாத செக்தான் ஆபத்து

"சும்மா செக்யூரிட்டிக்குத்தான், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க." கைமாற்று வாங்கும் நெசவாளியும், வட்டிக்கு வாங்கும் சிறுவியாபாரியும் கேட்டுப் பழகிய வார்த்தை இது. தொகை, தேதி, பெயர் எதுவும் இல்லை. மூன்று இலை, நான்கு இலை என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தொகைக்காகத் தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. 50,000 வாங்கியவரின் செக்கில் 5 லட்சம் எழுதப்பட்டால், "நான் வாங்கினது அவ்வளவு இல்லீங்க" என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. ஆதாரம் வேண்டும். வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் வழக்கு வராது என்பதும் தவறான நம்பிக்கை.

அதனால், செக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் தொகையையும் வாங்குபவர் பெயரையும் நீங்களே எழுதுங்கள். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயி' என்று குறியுங்கள். எந்த எண் செக், என்ன கடனுக்கு என்று ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். வட்டியையும் அசலையும் ரொக்கமாகக் கட்டாமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். ஒவ்வொரு தவணையும் சாட்சியாக நிற்கும். கடன் முடிந்த அன்றே செக் இலையைத் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்து மூலம் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கினாலோ, கந்துவட்டி கேட்டாலோ போலீஸில் புகார் செய்யலாம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. பிடிமானமாக செக் வாங்கும் எந்த நிறுவனமும் செக் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது தர வேண்டும், கடன் முடிந்தால் குறித்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கலாம். புதுச் செக் புத்தகம் கொடுக்கும்போது, வெற்றுச் செக்கின் ஆபத்தை வங்கிகள் தமிழில் ஒரு துண்டுச்சீட்டாகவாவது தரலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, விசைத்தறிக் கூடங்களுக்கே போய் இதை விளக்கலாம்.

செக் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் நீதிமன்றம் வரை பேசும் என்ற நினைப்போடு பேனாவை எடுத்தால் போதும்.